நல்ல சேதியோடு வருகிற நோயாளி

இளம் டாக்டர்களே, உங்களில் பாதிப் பேர் புரோபயோடிக் என்ற சொல்லைக் கேட்டதும் சிரிக்கிறீர்கள். மீதிப் பேர் நோயாளி கேட்டு முடிப்பதற்குள் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள். இரண்டு கட்சியோடும் எனக்குச் சண்டை உண்டு. ஓய்வு பெற்றவளுக்கு யாரும் மெமோ தர முடியாது என்பதால் இப்போது தைரியமாகவே சண்டை போடலாம்.

அந்தமானில், போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரியின் பெண்கள் பிரிவிலேயே என் உத்தியோகக் காலம் முழுவதும் போயிற்று. அப்பா அரசாங்க வேலையாகத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர். டெலானிபூர் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, மெயின்லேண்டில் படித்து, இங்கேயே திரும்பி வந்தேன். இந்த ஊர்ப் பெண்களின் வயிற்று வலியில் எது நிஜம், எது மாமியாருக்குப் பயந்து வந்த வலி என்று எனக்கு ஓரளவு தெரியும். ஓரளவுதான். முழுக்கத் தெரியும் என்று நினைக்கிற டாக்டரிடம் என் வீட்டுப் பூனையைக்கூடக் காட்ட மாட்டேன்.

பிசிஓஎஸ் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஊரில் அதற்கு நீர்க்கட்டி என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, கட்டியை எப்போது வெட்டி எடுப்பீர்கள் என்று கேட்கிற பெண்கள் இன்னும் வருகிறார்கள். வெட்டி எடுக்க அங்கே ஒன்றும் இல்லை, உடம்பின் இன்சுலின் கணக்கும் ஹார்மோன் கணக்கும் குழம்பிப்போய் முட்டை ஒழுங்காக வெளியே வராமல் இருக்கிறது என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் வெளியே வரிசை நீண்டுவிடும். குடலில் வாழ்கிற நல்ல கிருமிகளுக்கும் இந்தக் குழப்பத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஆராய்கிறார்கள். அந்தக் கிருமிகளை புரோபயோடிக் என்று கேப்சூலில் அடைத்துக் கொடுத்தால் சிலருக்குக் கொஞ்சம் பலன் தெரிகிறது என்கிறார்கள். அதனால் பீரியட்ஸ் ஒழுங்காகுமா, குழந்தை உண்டாகுமா என்றால் உறுதியாகச் சொல்ல இன்னும் யாரிடமும் பதில் இல்லை. எனக்குத் தெரிந்த வரை நிலைமை இவ்வளவுதான்.

ரோஸ்லின் என்னிடம் முதலில் வந்தது இந்தக் கேள்வியோடுதான். வண்டூரில் அடியில் கண்ணாடி பதித்த படகுக்கு டூரிஸ்ட்டுகள் டிக்கெட் வாங்குகிற கவுன்டரில் அவளுக்கு வேலை. புருஷன் சகாயம் அந்தப் படகுகளில் ஒன்றை ஓட்டுகிறவன். குமரிக் கடற்கரையிலிருந்து வந்த குடும்பம். கல்யாணமாகிப் பல வருஷம், குழந்தை இல்லை, பீரியட்ஸ் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கும். எங்கள் மாத்திரைகளை ஏற்கனவே எடுத்துக்கொண்டிருந்தாள். போனில் எதையோ பார்த்துவிட்டு மெயின்லேண்டிலிருக்கும் சிநேகிதியிடம் சொல்லி புரோபயோடிக் கேப்சூல் வரவழைத்திருந்தாள். டப்பாவை மேசை மேல் வைத்துவிட்டு, திட்டு வாங்கத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டாள்.

"இது கேக்குமா மேடம்?"

"தெரியாது."

"நீங்களே தெரியாதுன்னா எப்பிடி மேடம்?"

"சிலருக்குக் கொஞ்சம் உதவலாம். உனக்கு உதவுமான்னு எனக்குத் தெரியாது. பெரிய கெடுதல் இருக்காது, ஆரம்பத்துல வயிறு உப்பும். சாப்பிடு. ஆனா நாங்க குடுத்த மாத்திரைய நிறுத்தினேன்னு தெரிஞ்சா வண்டூருக்கே வந்து திட்டுவேன். நடக்கறதையும் நிறுத்தக் கூடாது."

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும் என்று போட்டிருந்தது. "உயிரோட இருக்கற கிருமிதான் இதுல மருந்து. கப்பல்ல வந்து ஹேடோ வார்ஃப்ல வெயில்ல கெடந்துட்டு வந்திருக்கு. உள்ள இருக்கறது உயிரோட இருக்கான்னு அதுகிட்டதான் கேக்கணும்" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். வந்ததிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு ஒழுங்காக வந்துபோனாள். எடை கொஞ்சம் இறங்கியது. நடுவில் சில மாதங்கள் வரவில்லை. டூரிஸ்ட் சீசன், லீவு கிடைத்திருக்காது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

இனி கப்பல் நாள் பற்றிச் சொல்ல வேண்டும். மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்திருக்கிற உங்களில் சிலருக்கு இது விளங்காது. மெயின்லேண்டுக்குக் கப்பல் புறப்படுகிற நாளில் நம் ஓபி வரிசையில் யாராவது "கப்பல் இருக்கு" என்று சொன்னால் போதும். பெங்காலி அக்காவும் தெலுங்கு அண்ணனும் ஒதுங்கி வழி விடுவார்கள். "ஜானே தோ, ஜஹாஸ் ஹை", போகட்டும் விடு, கப்பல் இருக்கிறது என்று வரிசையே இந்தியில் சொல்லும். கைக்குழந்தைக்காரிகூட முணுமுணுக்க மாட்டாள், ஏனென்றால் போன தடவை அவளுக்கு மற்றவர்கள் வழி விட்டிருப்பார்கள். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த மரியாதை இது. இதில் ஒரு கோளாறும் உண்டு. வரிசை வழி விட்டது போலவே டாக்டரும் வழி விட்டுவிடுகிறார். கப்பல்காரர்களைச் சீக்கிரம் பார்த்து, சீக்கிரம் எழுதி, மீதியை மெயின்லேண்டில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுகிறோம். நோய்க்கு கப்பல் டைம் தெரியாது என்பது அவசரத்தில் மறந்துபோகிறது.

அப்படி ஒரு நாள் முற்பகலில் ரோஸ்லின் வந்தாள். நல்ல புடவை, தலையில் பூ. கூடவே மாமியார் மரியதங்கம். குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குக் கிளம்பியிருந்தார்கள். சகாயம் சாமான்களோடு முன்னாலேயே ஹேடோ துறைமுகத்துக்குப் போய்விட்டான். வழியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இவர்கள் வந்திருந்தார்கள். வரிசை வழி விட்டது. வெளி அறையில் ஓபி பார்த்துக்கொண்டிருந்த இளம் டாக்டர் அவளைப் பார்த்தாள். வயிறு உப்புசம், லேசாக வலி, கேப்சூல் சாப்பிடுகிறாள். சரி, கேப்சூலின் கைங்கரியம் என்று முடிவுகட்டி வாயுவுக்கு மாத்திரை எழுதினாள். அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். உப்பும் என்று சொன்னதே நான்தானே.

ரோஸ்லின் போகிற வழியில் என் அறைக்குள் வந்தாள். கையில் ஒரு டப்பா நிறைய முந்திரிக்கொத்து.

"மேடம், பீரியட்ஸ் தானா வந்துட்டு! மாத்திர போட்டு வரவைக்கல, தானாவே வந்துட்டு!"

"மாதா கண்ணத் தொறந்துட்டா டாக்டரம்மா" என்றாள் மரியதங்கம். "நேந்துக்கிட்டேன், இவளுக்கு ஒழுங்கா வந்தா வேளாங்கண்ணிக்கு வந்து முடி குடுக்கேன்னு. அதான் கெளம்பிட்டோம்."

"அந்த கேப்சூல்தான் மேடம். நீங்க தெரியாதுன்னீங்க. பாருங்க, கேட்டுருச்சு."

எனக்கும் சந்தோஷம்தான். மறைப்பானேன். ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து வாயிலும் போட்டுக்கொண்டேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகக்கூட இருக்கலாம், இருந்தால் என்ன, பழம் விழுந்ததல்லவா என்று நினைத்தேன். அவள் எழுந்தாள். எழுந்தவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு வலது தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

"தோள்ல என்ன?"

"நேத்து கருவாட்டுப் பெட்டியெல்லாம் கட்டித் தூக்கினேன் மேடம், சொந்தக்காரங்களுக்கு. அதுல புடிச்சுக்கிட்டு. படுத்தா ஜாஸ்தி வலிக்குது."

நோயாளி சொல்கிற வலியை நம்புங்கள். அதற்கு அவர்கள் சொல்கிற காரணத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். பெட்டி தூக்கினால் தோள் வலிக்கும், அதில் பொய் இல்லை. ஆனால் வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து மேலேறினாலும் தோள்தான் வலிக்கும், படுத்தால் இன்னும் அதிகமாக. மறுபடி உட்காரச் சொல்லி நாடியைப் பிடித்தேன். வேகமாக ஓடியது. கண் இமையைத் தாழ்த்திப் பார்த்தேன், வெளுத்திருந்தது. வந்த பீரியட்ஸ் எப்படி இருந்தது என்று கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக, பழுப்பாக, விட்டு விட்டு வருகிறது என்றாள். அதற்கு முன்னால் எப்போது வந்தது என்பது அவளுக்கு நினைவில்லை. வராமலே இருப்பது பழகிப்போனவளுக்கு வரவில்லை என்பது ஒரு சேதியே இல்லை.

"ஒரு யூரின் டெஸ்ட் பாத்துரலாம்."

அதுவரை இருந்த சிரிப்பு அவள் முகத்திலிருந்து போய்விட்டது.

"வேண்டாம் மேடம்."

"ஏன்?"

"எத்தன வருஷமா அந்தக் குச்சியப் பாக்கேன். ஒத்தக் கோடு, ஒத்தக் கோடு. பாத்ரூம்ல ஒக்காந்து அழுதுட்டு, மூஞ்சி கழுவிட்டு டூட்டிக்குப் போவேன். இன்னைக்குத்தான் சந்தோசமா கெளம்பியிருக்கேன். இன்னைக்கு மட்டும் அதக் காட்டாதீங்க."

இந்த இடத்தில் அதட்டலாம். நான் அதட்டுவதில் பேர்போனவள்தான். ஆனால் அதட்டியிருந்தால் கப்பலுக்கு நேரமாச்சு என்று எழுந்து போயிருப்பாள், வரிசையும் வழி விட்டிருக்கும். "நீ பாக்கவே வேண்டாம். யூரின் மட்டும் குடு. நான் பாத்துக்கறேன், ஒண்ணும் இல்லன்னா உன்கிட்ட பேச்சே எடுக்க மாட்டேன்" என்றேன். மரியதங்கம் அவள் முதுகைத் தடவி, "போயிட்டு வா மக்களே" என்றாள். போனாள்.

எங்கள் சிஸ்டர் ஒரு பெங்காலி. குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவிலிருந்தே "பதாயி ஹோ!" என்று இந்தியில் வாழ்த்துச் சொல்லிக் கத்தினாள். இரண்டு கோடு. ரோஸ்லின் நம்பவில்லை. பிடுங்கிப் பார்த்தாள், ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். மரியதங்கம் தரையில் முழங்கால் போட்டுவிட்டாள். வெளியே வரிசையில் யாரோ கை தட்டினார்கள். இளம் டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை பேர் சிரிக்கிற அறையில் நான் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. நம் தொழிலில் எனக்குக் கஷ்டமாகப் பட்ட வேலை கத்தி பிடிப்பதல்ல, இதுதான்.

அவர்கள் அழுது முடிக்கும் வரைகூடக் காத்திருக்க முடியவில்லை. ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னேன். நடந்தே வருகிறேன் என்றாள், விடவில்லை. கர்ப்பப்பை காலியாக இருந்தது. வலது குழாய்ப் பக்கம் ஒரு கட்டி போலத் தெரிந்தது. சுற்றிலும் ரத்தம்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதை ஒருத்தியின் முகத்துக்கு நேரே சொல்வது எப்படி என்று யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ரோஸ்லின், கரு உண்டாயிருக்கு. அது நெஜம். ஆனா கர்ப்பப்பையில இல்ல, பக்கத்துக் கொழாய்ல ஒட்டியிருக்கு. அங்க வளர எடம் கெடையாது. கொழாய் கசிய ஆரம்பிச்சிருச்சு. நீ பாத்தது பீரியட்ஸ் இல்லம்மா. இன்னைக்கே, இப்பவே ஆபரேஷன் பண்ணணும். கப்பல்ல ஏறக் கூடாது."

அவள் கூரையைப் பார்த்தாள். மரியதங்கத்தின் கையிலிருந்த போன் அடித்தது. ஹேடோவிலிருந்து சகாயம். ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னேன். பாவம், அவன் என்ன செய்வான். வார்ஃப் இரைச்சலுக்கு நடுவில் அவனுக்குப் பாதிதான் காதில் விழுந்திருக்கும்.

"மேடம், லைன்ல நிக்கேன். சாமானெல்லாம் உள்ள போயிட்டு. இந்த டிக்கெட் கெடைக்க என்ன பரேஷான் தெரியுமா? மெயின்லேண்டுக்குப் போயி நல்ல பெரிய ஆஸ்பத்திரியில காட்டிருதேன். கப்பல்லயும் டாக்டர் இருக்காருல்லா?"

"டாக்டர் இருக்கார் சகாயம். ஆபரேஷன் தியேட்டர் இல்ல. ஏத்தறதுக்கு ரத்தம் இல்ல. நடுக்கடல்ல கொழாய் வெடிச்சா அவர் இவ கையப் பிடிச்சுக்கிட்டு ஒக்காரத்தான் முடியும்."

"அவ நல்லா நடந்துதான மேடம் வந்தா? காலைல புட்டு அவிச்சுத் தந்தாளே."

அதுதான் அவனுடைய வாதம். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் வரை நானும் அவளை நல்லா இருக்கிறாள் என்றுதான் சொல்லியிருப்பேன். பெரிய ஆஸ்பத்திரி கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்ற நம்பிக்கை இந்தத் தீவில் வாழ்கிற எல்லோருக்கும் உண்டு. அந்த நம்பிக்கையோடு மல்லுக்கட்ட எனக்கு அவகாசம் இல்லை. நான் அடுத்த வார்த்தை தேடுவதற்குள் ரோஸ்லின் போனை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க எறங்கி வாங்க" என்றாள். "மேடம் தெரியாததத் தெரியாதுன்னு சொல்ற ஆளு. எங்கிட்ட மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்காங்க. இப்பத் தெரியும்ங்காங்க. நா ஏறல."

போனை மாமியாரிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். கேப்சூல் டப்பாவை வைத்துக்கொண்டு அவள் கேட்ட அன்றைக்கு ஒரு சிரிப்பைச் சிரித்து நான் அவளை அவமானப்படுத்தியிருக்கலாம். ஆகா அற்புதமான மருந்து என்று தலையாட்டியும் இருக்கலாம். இரண்டில் எதைச் செய்திருந்தாலும் இந்த நேரத்தில் என் பேச்சு அவளிடம் எடுபட்டிருக்காது. இதை மட்டுமாவது நீங்கள் மறக்காமல் இருந்தால் போதும்.

தியேட்டருக்குள் போனோம். வயிற்றைத் திறந்தபோது நான் பயந்ததைவிட அதிக ரத்தம் இருந்தது. குழாயைக் காப்பாற்ற வழியில்லை, எடுத்துவிட்டோம். இடது குழாய் நன்றாக இருந்தது. இளம் டாக்டர் எனக்கு எதிரே நின்று உதவினாள். என் கண்ணை மட்டும் பார்க்கவில்லை. தையல் போட்டுக்கொண்டிருக்கும்போது தூரத்தில் கப்பலின் சங்கு ஊதியது.

வெளியே பெஞ்சில் மரியதங்கமும் சகாயமும் இருந்தார்கள். சகாயம் வெறுங்கையோடு வந்திருந்தான், சாமான்களெல்லாம் கப்பலோடு போய்விட்டன. பிழைத்துக்கொண்டாள், ஒரு குழாய் போயிற்று, இன்னொன்று இருக்கிறது, பிள்ளை உண்டாக வழி அடைபடவில்லை, ஆனால் முன்னைவிடக் கொஞ்சம் கஷ்டம் என்று சொன்னேன். முடி கொடுக்கக் கிளம்பின மாமியார், இப்போது ஒப்பாரிதான் என்று எதிர்பார்த்தேன். அவள் ஜெபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

"கண்ணு முழிச்சதும் அவ கேப்பா. நீங்க சொல்லாண்டாம் டாக்டரம்மா, நா சொல்லுதேன். சகாயத்துக்கு முன்ன எனக்கு ரெண்டு போயிருக்கு. அத எப்பிடிச் சொல்லணும்னு எனக்குத் தெரியும்."

சகாயம் அம்மாவை நிமிர்ந்து பார்த்த விதத்திலிருந்து அவனுக்கும் அது அன்றைக்குத்தான் தெரியும் என்று புரிந்தது.

மறுநாள் காலை ரவுண்ட்ஸ் போகும்போது ரோஸ்லினின் கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தது. உள்ளே மரியதங்கத்தின் குரல் தணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நானும் இளம் டாக்டரும் வெளியிலேயே நின்றோம். பிறகு ரோஸ்லினின் குரல்.

"அந்த கேப்சூலத் தின்னதுனாலயா மாமி?"

மாமியார் திரையை விலக்கி என்னைப் பார்த்தாள். "இதுக்கு நீங்க சொல்லுங்க டாக்டரம்மா. இது எனக்குத் தெரியாது."

கேப்சூலால் முட்டை வந்ததா, மாத்திரையால் வந்ததா, நடந்து எடை குறைத்ததால் வந்ததா என்று கேட்டிருந்தால் இன்றைக்கும் தெரியாது என்றுதான் சொல்லுவேன். அவள் கேட்டது அதில்லை. குழந்தையை இழந்த பெண்கள் எல்லோரும் கேட்பதைத்தான் அவளும் கேட்டாள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் யோசிக்காதீர்கள், தொண்டையைச் செருமாதீர்கள்.

"இல்ல ரோஸ்லின்."

"கருவாட்டுப் பெட்டி தூக்குனேனே?"

"அதனாலயும் இல்ல."

"பின்ன நா என்ன பண்ணேன் மேடம்?"

"நீ ஒண்ணும் பண்ணல. நீ எதுவுமே தப்பாப் பண்ணலம்மா."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் ஸ்கேன் அறையிலும் அழவில்லை, தியேட்டருக்குப் போகும்போதும் அழவில்லை. இப்போது முகம் கோணி, மாமியாரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, தையல் வலிக்க வலிக்க அழுதாள். இளம் டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் கையைப் பிடித்து நிறுத்தி, திரையைப் பழையபடி இழுத்துவிட்டு, இரண்டு பேரும் அடுத்த கட்டிலுக்குப் போனோம்.